இல்லை வேறு, தெரியாது வேறு

அண்ணி போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸிடம் முதல்முதலாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும் என்று காலைப்பொழுது முழுக்கக் காத்திருந்தாள். கறுப்புத் திரை, அதில் அவள் அடித்த ஒரே ஒரு வரி. பதிந்து வைத்த பெயர்களையெல்லாம் காட்டு என்று கேட்டிருந்தாள், அவ்வளவுதான். என்டரைத் தட்டினால் கர்சர் அடுத்த வரிக்குப் போய்க் கண் சிமிட்டியது. இன்னொரு முறை தட்டினால் அதற்கும் அடுத்த வரி. பெரிய கேள்வியாகக் கேட்டுவிட்டோம் போல, யோசிக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். துணிகளை மெஷினில் போட்டாள், மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள், பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். திரும்பி வந்து பார்த்தபோதும் அது யோசித்துக்கொண்டே இருந்தது.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அது யோசிக்கலை அண்ணி. நீங்க பேசி முடிப்பீங்கன்னு காத்துட்டு இருக்கு."

"நான்தான் எப்பவோ முடிச்சிட்டேனே."

"கடைசியில செமிகோலன் எங்க? அரைப்புள்ளி வைக்கலைன்னா, இன்னும் ஏதோ சொல்ல வர்றீங்கன்னுதான் அது நினைக்கும்."

அவள் கையை நீட்டி ஒரு அரைப்புள்ளியை வைத்து என்டரைத் தட்டியதும் பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்த வீட்டுல உன் பேச்சை இவ்வளவு நேரம் குறுக்கே பேசாம கேட்டது அது ஒண்ணுதான். அதை விட்டுடாதே."

அண்ணி லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிறவள். தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத நீண்ட அறையில், காதில் பஞ்சு பிய்ந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி வழியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அழுகிறவர்கள் உண்டு, ஆளை விழுங்குகிற மாதிரி கத்துகிறவர்களும் உண்டு. எல்லோரிடமும் ஒரே குரலில், நீங்க சாப்பிட்டீங்களா, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெக்கானிக்கை அனுப்பிவைப்பாள். வந்த போன், போன மெக்கானிக், முடிந்த வேலை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிவாள். ஆபீசில் பெரிய பதவிக்காரர்கள்கூட அவளை டெஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த டெஸ்க்குக்குத்தான் ஆபத்து வந்தது. இனி போனை மெஷின் குரல் எடுக்கும், டெஸ்க்கை மூடப்போகிறோம் என்று மேலிடம் அறிவித்துவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறவனிடம் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும் புத்தி எந்த மகராசனுக்கு வந்ததோ தெரியாது. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை தேட ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடியில் இருந்த டேட்டா செக்‌ஷன் தலைவர் மட்டும் கீழே இறங்கி வந்து, எங்களிடம் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் கற்றுக்கொண்டு வந்து நான் வைக்கிற சோதனையில் தேறினால் டெஸ்க்கில் இருக்கிற யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். அறையில் எல்லோரும் அவரவர் நகத்தைப் பார்த்தார்கள். அண்ணி கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பயந்தாள்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. இத்தனை வருஷமாகக் கட்டம் கட்டமாக அவள் அடித்து அனுப்பியதெல்லாம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எதற்கு ஆகிறது என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை. அந்த மூடிய கதவைத் திறந்து உள்ளே போய் ஒரு நாளாவது நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தபின் அவளை யார் தடுக்க முடியும்?

நாத்தனார் சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். கல்யாணம் ஆகவில்லை, இவர்களோடுதான் இருந்தாள். வாய் நீளம், பொறுமை குட்டை. ஆனாலும் தினமும் ஆபீசுக்குப் போகுமுன் அண்ணியோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். போஸ்ட்கிரெஸ்ஸை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றுகூடப் பிரித்துப் பார்க்கலாம், காசு கிடையாது என்று அவள் சொன்னபோது அண்ணனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"சும்மா குடுக்கறாங்கன்னா ஏதோ விஷயம் இருக்கு. அது என்ன, ரிலேஷனல் டேட்டாபேஸ்? சொந்தக்காரங்களை வெச்சு நடத்தறதா?"

"ஒரு டேபிளுக்கும் இன்னொரு டேபிளுக்கும் உறவு இருக்கும்ணா. அதைத்தான் அப்படிச் சொல்றாங்க."

"நம்ம ஆளுங்களை அதுல போட்டுப் பாரு. முதல் நாளே ரெண்டு டேபிள் பேச்சுவார்த்தையை நிறுத்திடும்."

கிண்டலுக்குச் சொன்னதை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாடத்தில் கொடுத்திருந்த வெளிநாட்டுக் கடைகளும் வாடிக்கையாளர்களும் அவள் மனசில் ஒட்டவில்லை. அதனால் சொந்தக்காரர்களை ஒரு டேபிளில் போட்டாள், அவர்கள் வீடுகளை இன்னொன்றில் போட்டாள், இரண்டையும் கோத்து யார் எந்த வீட்டில் என்று கேட்டுப் பழகினாள். அதன் பிறகு பாடம் ஓட்டமாக ஓடியது, அவ்வப்போது குப்புற விழுந்தது. புதிதாகச் சொந்தமான ஒருவருக்குச் சித்தப்பா என்று உறவுமுறையைத் திருத்தப் போனவள், யாருக்கு என்று சொல்கிற 'where' பகுதியை மறந்துவிட்டு அரைப்புள்ளி வைத்துவிட்டாள். மாமியார், மச்சினன், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த நாத்தனார், பள்ளிக்கூடம் போகும் மகள் உட்பட வம்சமே சித்தப்பா ஆகிவிட்டது. அன்றைக்கு முழுவதும் அண்ணன் தன் மகளை "வாங்க சித்தப்பா, சாப்பிடுங்க சித்தப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அண்ணி முட்டிக்கொண்டு நின்றாள். பெரியப்பா ஒருவர் பிறந்த வருஷம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அறுபதாம் வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர்களைக் கேட்டாள், பெரியப்பா வரவில்லை. சரி என்று அறுபதிலும் அதற்குப் பின்னாலும் பிறந்தவர்களைக் கேட்டாள், அதிலும் ஆள் இல்லை.

"என்னடி இது, மனுஷன் பொறக்கவே இல்லையா?"

"காலியா விட்டீங்கல்ல, அதுக்குப் பேர் நல். நல்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை அண்ணி, தெரியாதுன்னு அர்த்தம். முன்னாடி பொறந்தாரா? தெரியாது. பின்னாடி பொறந்தாரா? தெரியாது. தெரியாதவரை அது எந்த வரிசையிலயும் நிறுத்தாது."

"பேர்லதான் நல் இருக்கு, குணத்துல ஒண்ணையும் காணோம்."

"சிரிக்காதீங்க. எல்லாரும் வழுக்கி விழற இடம் இது."

நான் வழுக்க மாட்டேன் என்று அண்ணி அடுத்த பாடத்தைத் திறந்தாள். நமக்கெல்லாம் அப்படித்தானே, புரிந்துவிட்டது என்று நினைத்ததை இன்னொரு முறை திரும்பிப் பார்க்க மாட்டோம்.

சோதனை நாளும் வந்தது. டேட்டா செக்‌ஷனில் ஏசி பல் கிட்டிக்கிற அளவுக்கு ஓடும். தலைவர் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் பேசுகிற, உயரமான மனிதர். கம்பெனியின் நிஜ டேட்டாபேஸையே திறந்து வைத்திருந்தார், பார்க்க மட்டும்தான் முடியும், மாற்ற முடியாது. அண்ணிக்கு அதுவே நிம்மதியாக இருந்தது, வம்சத்தைச் சித்தப்பா ஆக்க வழியில்லை.

"பயப்படாதீங்க. ஒரே கேள்விதான். இந்த வருஷம் நம்ம ஆளுங்க ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காத லிஃப்ட் எதெல்லாம்? இது சும்மா சோதனைக்குக் கேட்கலை. மத்தியானம் கட்டட உரிமையாளர்களோட மீட்டிங் இருக்கு, நம்ம மேனேஜர் மேடம் இதைக் கேட்டிருக்காங்க."

லிஃப்டுகள் ஒரு டேபிளில் இருந்தன. மெக்கானிக்குகள் போய்வந்த பதிவுகள் இன்னொன்றில். அண்ணி விரலைச் சொடுக்கிக்கொண்டு எழுதினாள். இந்த வருஷம் போய்வந்த பதிவுகளில் இருக்கிற லிஃப்ட் நம்பர்களை எடு, அந்த நம்பர்களுக்குள் இல்லாத லிஃப்டுகளைக் காட்டு. கேட்பதற்கு எவ்வளவு நேராக இருக்கிறது. அரைப்புள்ளியை மறக்காமல் வைத்தாள்.

பதில் உடனே வந்தது: பூஜ்யம் வரிகள். பார்க்காத லிஃப்ட் என்று ஒன்றுகூட வரவில்லை.

தலைவர் அவள் எழுதியதை ஒருமுறை படித்தார், பூஜ்யத்தை ஒருமுறை பார்த்தார், முகம் மலர்ந்துபோனது. அங்கேயே போனை எடுத்து, "மேடம், ஒண்ணுகூடப் பாக்கி இல்லை, எல்லாத்தையும் பார்த்தாச்சு" என்றார். போனை வைத்துவிட்டு, "நல்லாப் பண்ணிட்டீங்க. சாயங்காலம் முடிவு சொல்றேன், சந்தோஷமாப் போங்க" என்றார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. படியிறங்கும்போதே நாத்தனாருக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

கீழே ஹெட்செட்டை மாட்டியதும் முதல் அழைப்பு 'அவசரம்' என்பவனிடமிருந்து. ஆள் பெயரே அப்படித்தான் ஆகிவிட்டது, எந்த வேலையையும் பாதி படியில் நின்றுகொண்டே முடிக்கிற மெக்கானிக்.

"அக்கா, அந்தப் பெரிய கட்டடத்துல வேலை முடிஞ்சுது. போட்டுக்கோங்க."

"எந்த லிஃப்ட்? அங்க வரிசையா நிறைய இருக்கே."

"நம்பர் பார்க்கலையே. நான் தெருவுக்கே வந்துட்டேன்."

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"தெரியாதுக்கா. ஏதோ ஒண்ணு போட்டுக்கோங்க, என்ன குறைஞ்சுடப் போகுது?"

"ஏதோ ஒண்ணெல்லாம் போட மாட்டேன். காலியா விடறேன், நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்லு."

அவசரம் நாளைக்கும் சொல்ல மாட்டான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் டெஸ்க்கில் அது அவளே போட்ட சட்டம். தெரியாததை எழுதக் கூடாது. எவனோ குத்துமதிப்பாகப் போட்ட நம்பரை நம்பி, ஒரு லிஃப்டில் ஆள் மாட்டியிருக்க இன்னொரு லிஃப்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கூத்து ஒரு தரம் நடந்தது. அன்றிலிருந்து அவளும் எழுத மாட்டாள், மற்றவர்களையும் எழுத விட மாட்டாள். வழக்கம்போல லிஃப்ட் நம்பர் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனவளின் விரல் அப்படியே நின்றது.

காலியான கட்டம். நல். தெரியாது.

இந்த லிஃப்ட், பார்த்த லிஃப்டுகளில் சேராததா என்று டேட்டாபேஸிடம் கேட்டிருக்கிறாள். அது வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே வந்து, நம்பர் இல்லாத பதிவில் முட்டி நின்றிருக்கும். அந்தக் காலிக் கட்டத்தில் இருப்பது இந்த லிஃப்டாகவே இருக்கலாமே, யார் கண்டது? நிச்சயமாகச் சேராது என்று எப்படிச் சொல்லும்? தெரியாது என்று சொல்லி ஒதுக்கியிருக்கும். அடுத்த லிஃப்டுக்கும் அதே பதில்தான், அதற்கடுத்ததற்கும் அதேதான். ஒரே ஒரு காலிக் கட்டம் போதும், பார்க்காத லிஃப்ட் ஒன்றையுமே அது காட்டாது. அது சொன்ன பூஜ்யத்துக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று அர்த்தம் இல்லை. எனக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். காலிக் கட்டங்களை விட்டு வைத்தவளோ வேறு யாரும் இல்லை, அவளேதான்.

நாத்தனாரிடமிருந்து வரிசையாகப் பூங்கொத்துப் படங்கள் வேறு வந்துகொண்டிருந்தன.

பேசாமல் இருந்தால் என்ன என்று தோன்றியது, தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். யாருக்குத் தெரியப்போகிறது? தலைவரே படித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டார். சாயங்காலம் வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் வேலை கையில். திறந்தால், தப்பான பதிலைக் கொடுத்துத் தலைவரையும் மேடம் முன்னால் மூக்கறுபட வைத்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவ்வளவு பாடுபட்டதும் பாழ். ஆனால் யாரும் போய்ப் பார்க்காத லிஃப்டுகள் எங்கெங்கோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது மேடத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், தலைவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அண்ணியின் காதுக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரியிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

தலைவர் மீட்டிங்குக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், காலைல நான் குடுத்த பதில் தப்பு."

"எது? பூஜ்யமா? நான்தான் பார்த்தேனே."

"லிஃப்ட் நம்பர் தெரியாத பதிவுகள் இருக்கு சார். டெஸ்க்ல நாங்க காலியா விடுவோம். அதையும் சேர்த்து வெச்சு ஒப்பிட்டா, எதையுமே அது உறுதியா சொல்லாது. அது இல்லைன்னு சொல்லலை சார், தெரியாதுன்னு சொல்லியிருக்கு. நமக்குத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுது."

தலைவர் காகிதத்தைக் கீழே வைத்தார். அதற்குமேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை, உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் எத்தனை பேரை இதுக்காகத் திட்டியிருக்கேன். பூஜ்யம்னதும் சந்தோஷம் கண்ணை மறைச்சிடுச்சு" என்று நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். "எழுதுங்க."

அண்ணி உட்கார்ந்து எழுதினாள். போய்வந்த பதிவுகளில் நம்பர் காலியாக இல்லாதவற்றை மட்டும் எடு என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். வேகமாக அடித்ததில் அரைப்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்தது, அழித்துத் திருத்தினாள். என்டரைத் தட்டியதும் வரிகள் திரை நிரம்பி, மேலே ஓடி, இன்னும் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடங்கள், ஒரு மருத்துவமனை, குடியிருப்புகள். நடுவில் தங்கள் ஆபீஸ் கட்டடத்தின் பெயரும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வராந்தாவில் இருந்த லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு கலக்கத்திலும் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு வரவில்லை.

"இதுல சிலது பார்த்ததாவும் இருக்கலாம் சார். அந்தக் காலிக் கட்டத்துக்குள்ள எது இருக்குன்னு மெக்கானிக்குங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கேட்டாத்தான் தெரியும்."

"கேட்கலாம். முதல்ல மேடம்கிட்ட சொல்லணும்."

அவர் எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"சார், நானா?"

"நான் சொன்னா சப்பைக்கட்டு கட்டற மாதிரி இருக்கும். எனக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லுங்க."

மேடம் எடுத்தார். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் சொன்ன பூஜ்யம் தவறு என்று ஆரம்பித்தாள். மறுமுனையில் குரல் ஏறியது. எல்லாம் பார்த்தாயிற்று என்றுதானே சொன்னீர்கள், அதை மேலே சொல்லியும் ஆயிற்று, இப்போது வந்து இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? அண்ணி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள். கத்துகிறவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் பேசினாள்.

"மேடம், நீங்க ஒருத்தர்கிட்ட, இந்த லிஃப்டைப் போய்ப் பார்த்தியான்னு கேட்கறீங்க. இல்லைன்னு அவர் சொன்னா அது ஒரு பதில். தெரியாதுன்னு சொன்னா அது வேற பதில். காலைல டேட்டாபேஸ் தெரியாதுன்னு சொல்லுச்சு. நான் அதைப் பாக்கி இல்லைன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். இப்ப சரியாக் கேட்டிருக்கோம், பார்க்காத லிஃப்டுகளோட பட்டியல் எங்க கண்ணு முன்னாடியே இருக்கு. மீட்டிங்குக்கு முன்னாடி உங்க கைக்கு வந்துடும்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மேடம் இறங்கிய குரலில், "நல்ல வேளை, நான் அங்க போய் உட்கார்றதுக்கு முன்னாடி சொன்னீங்க. இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாரு பேசறது, எந்த செக்‌ஷன்?" என்றார்.

அண்ணி டெஸ்க் என்று சொல்ல வாயெடுத்தாள். மூடப்போகிற டெஸ்க், அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு. தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, வரிகளை எண்ணிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"டேட்டா செக்‌ஷன்னு சொல்லுங்க."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. குரலை மட்டும் விடவில்லை.

"டேட்டா செக்‌ஷன் மேடம்" என்றாள்.